வெயில் படாத எழுத்து

வாட்டர் பேப்பரை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டாயிற்று. ஊறட்டும். ஊறாத பேப்பரால் தேய்த்தால் வள்ளத்து ஃபைபரில் கீறல் விழும், அந்தக் கீறலை எடுக்க இன்னொரு நாள் வேண்டும், இன்னொரு நாள் கிடையாது. நாளைக் காலையில் கோயிலில் அவருக்கு, என்னைக் கட்டினவருக்கு, பூசை. பூசை முடிந்த கையோடு வள்ளத்தைக் கடலில் இறக்குகிறார்கள். அதற்குள் வள்ளத்தில் எழுதியிருக்கிற என் பேரை நான் அழித்துக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். நான்தான் செய்ய வேண்டும், வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் ஆள் இல்லாமல் திரும்பி வந்த வள்ளம் பழைய பேரோடு கடலுக்குப் போகாது. அந்த வீட்டுப் பெண் பழைய பேரை அழிக்க வேண்டும், அவளே புதுப் பேரைச் சொல்ல வேண்டும். அவள் அழிக்கிற வரைக்கும், போனவர் தொழிலுக்குப் போயிருக்கிறார் என்றுதான் ஊர்க்கணக்கு. பங்குச் சாமியார்கூட அந்தக் கணக்கில் தலையிடுவதில்லை. போன வருஷக் கச்சான் காற்றில் போனவர், இப்போது அடுத்த கச்சான் வீசுகிறது, இத்தனை நாளும் ஊர்க்கணக்கில் அவர் கடலில் உட்கார்ந்து கணவாய் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் உட்கார வைத்திருந்தேன். பிடிவாதக்காரி என்றார்கள். பிடிவாதம் என்று சொல்லும் அளவுக்கு அதில் பலம் ஒன்றும் இல்லை. எழுந்து கடைக்குப் போய் ஒரு பேப்பர் வாங்க உடம்பு வரவில்லை. நேற்று வந்தது. அவருடைய தம்பி கிளமென்ட் வாசலில் நின்று செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போகிறான், பெண்டாட்டிக்கு நிறைமாதம், சொந்த வள்ளம் மணலில் கிடந்து வெளுக்கிறது. அவன் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

முழங்கை வரைக்கும் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறேன். ஃபைபர் தூள் தோலில் ஏறினால் ராத்திரியெல்லாம் அரிக்கும், எண்ணெய் இருந்தால் கழுவும்போது போய்விடும். மாதா திருவிழாவுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வள்ளத்தைத் தேய்ப்பது வழக்கமாக இருந்தது. அவர் பேப்பர் பிடிப்பார், நான் தண்ணீர் ஊற்றுவேன். அவர் காம்பவுண்டுப் பசை போட்டுத் தேய்ப்பார், நான் துணியால் துடைப்பேன். கடைசியில் மெழுகு. மெழுகு போட்டுத் துடைத்ததும் சட்டைப்பையில் இருந்து சீப்பை எடுத்து, வீட்டில் கண்ணாடியே இல்லாதவர் போல வள்ளத்தைப் பார்த்துத் தலை வாருவார். வாருவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. பிறகு அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, குனிந்து தேய்க்க முடியவில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னார். வெயில் அதுபாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தது. இப்போது கையை வைத்து எடுத்தால் உள்ளங்கையில் வெள்ளை மாவு ஒட்டுகிறது, கரும்பலகை துடைத்த மாதிரி. இது ஒரு காலத்தில் நீலம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பேப்பர் ஊறிவிட்டது. தொட்டால் துணி போலத் துவள்கிறது. கட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அணியத்துப் பக்கம், வள்ளத்தின் மூக்குக்குக் கொஞ்சம் பின்னால், வெள்ளை பெயின்டில் மெட்டில்டா. அந்தப் பக்கம் மாதா படம், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சர்க்கார் நம்பரும் அந்தப் பக்கம்தான், அதற்கும் பாதகம் இல்லை. நான்தான் போக வேண்டும்.

மெ-வின் கொம்பில் ஆரம்பித்தேன். பெயின்ட் காய்ந்து பொருக்கு விட்டிருந்ததால் தகராறு இல்லாமல் வந்தது. வெள்ளைத் தண்ணீராக வழிந்து மணலில் இறங்கியது. கை முன்னும் பின்னும் போகிறது, எனக்குச் சம்பந்தம் இல்லாத கை போல. இந்தக் கொம்பு எழுதினபோதே சரிந்துதான் இருந்தது. எங்கள் கரையில் வள்ளத்துக்கு மகள் பேர் வைப்பார்கள், இல்லாவிட்டால் புனிதர் பேர், செத்துப்போன அப்பன் பேரும் வைப்பதுண்டு. உயிரோடு இருக்கிற ஆம்பிளை பேரை மட்டும் வைக்க மாட்டார்கள், ஆகாது. எங்களுக்கு மகளும் இல்லை, மகனும் இல்லை. எந்தப் புனிதர் என்று அண்ணனும் தம்பியும் ஒரு வாரம் பேசினார்கள், பேசி முடித்து ஒரு சாயங்காலம் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார், பார்த்தால் என் பேர். பெயின்ட் இன்னும் காயவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று அவர் நினைத்தார். கொம்பு சரிந்திருக்கிறது, சிரித்துவிடுவோம் என்றுதான் குனிந்தேன் என்று பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். பொய். வெட்கம்தான். மகள் பேர் வைக்க வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் என்னை வைத்ததற்காக ஊரில் அவரை எவ்வளவு கேலி செய்திருப்பார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை, இப்போதும் யோசிக்கவில்லை, கை டி-யைத் தாண்டி ல்-லுக்கு வந்துவிட்டது. புள்ளி இரண்டும் கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டு நின்றன. நகத்தால் சுரண்டினேன். டா. அதன் கால். முடிந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு வருஷம் இதற்கா உட்கார்ந்திருந்தோம். வாளியில் இருந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து விசிறி அடித்தேன்.

மெட்டில்டா என்று இருந்தது. வெள்ளையில் இல்லை, நீலத்தில். நல்ல கரு நீலத்தில், வாங்கின அன்றைக்கு வள்ளம் முழுக்க இருந்ததே அந்த நீலத்தில், என் பேர் மட்டும். சுற்றிலும் வெளுத்துப்போன வள்ளம். முதலில் ஈரம் என்று நினைத்தேன். முந்தானையால் துடைத்தேன். ஈரம் போனது, பேர் போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஒரே இடத்தில், எழுத்தின் மேலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு. தேய்க்கத் தேய்க்கப் பேர் பளபளவென்று ஏறுகிறது. பாத்திரம் விளக்கினது போல மின்னுகிறது. எனக்குக் கோபம் வர வேண்டும் அல்லது பயம் வர வேண்டும். இரண்டும் வரவில்லை. கட்டையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். பெயின்ட் போய்விட்டது, கை வைத்தால் மேடு இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணுக்கு இருக்கிறது. தூரத்தில் இருந்து வாசிக்கலாம். கடலில் இருந்தே வாசிக்கலாம்.

கடலில் என்னை எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வள்ளத்துக்கு வள்ளம் வயர்லெஸ்ஸில் பேசும்போது ஆள் பேர் கிடையாது, வள்ளத்தின் பேர்தான். மெட்டில்டா, எங்கன நிக்க. மெட்டில்டா, மீன் உண்டா. மெட்டில்டா, கரைக்குப் போறியா. மீன் ஏலம் போடுகிற இடத்தில் பெண்கள் என்னை வைத்து அந்தக் காலத்தில் ஒரு பாடு சிரிப்பார்கள், நடுக்கடலில் அத்தனை ஆம்பிளையும் உன்னைத்தானே கூப்பிடுதான், ஒரு பதில் சொல்லேன் என்பார்கள். அவரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் பதில் கொடுப்பார், மெட்டில்டா பேசுதேன் என்று. நான் பேசுகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன அன்றைக்கு மத்தியானம் கணவாய்க்குப் போன வள்ளம் எல்லாம் கரை ஏறின பிறகும் இது வரவில்லை. முதுகு வலியோடு தனியாகப் போகாதீர்கள் என்று சொல்லியிருந்தேன், கிட்டத்தில்தானே என்று போனார். கிளமென்ட் வயர்லெஸ் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்று கூப்பிட்டான். மெட்டில்டா, மெட்டில்டா, கேக்குதா. செட்டில் இரைச்சல். மெட்டில்டா, மெட்டில்டா, கேக்குதா. நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன், கை நீட்டினால் தொடுகிற தூரம். மைனி என்பதைத் தவிர என்னை வேறு சொல் சொல்லிக் கூப்பிடாத பையன், கல்யாணமாகி நான் வந்தபோது டவுசர் போட்டுக்கொண்டு நின்றவன், தொண்டை கட்டுகிற வரைக்கும் என் பேரைச் சொல்லிக் கடலைப் பார்த்துக் கத்தினான். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பதில் வாய் வரைக்கும் வந்தது. கேக்குது என்று சொல்ல வந்தது. கேட்டுக்கொண்டுதானே நின்றேன். என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

“என்ன மைனி, போவ மாட்டேங்கா?”

கிளமென்ட்தான். எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. வள்ளத்தைத் தொடாமல் எட்டி நின்று பார்த்தான். எஞ்சினை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வந்திருப்பான், கையெல்லாம் கறுப்பு.

“பெயின்ட் போயிட்டு,” என்றேன். “பேரு போவல.”

“எழுத்து இருந்த எடத்துல வெயிலே படல மைனி. அதான் கலரு அப்படியே நிக்கி.” கையைக் கைலியில் துடைத்தான். “வேணும்னா மேல பெயின்ட் அடிச்சி மூடிருவோம். சாயங்காலம் பெயின்டர் வாரான்லா, ஒரு கோட்டிங் அடிக்கச் சொல்லுதேன்.”

“மூடுனா அழிச்சதாவுமா?”

தெற்குத் தெருவில் ஒரு வீட்டில் அப்படி மூடித்தான் இறக்கினார்கள், அடுத்த கோடையில் மேல் பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது, செத்துப்போனவன் மகள் பேர் வள்ளத்தில் எட்டிப் பார்த்தது, அந்தப் பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தது. அவனுக்கும் அது ஞாபகம் வந்திருக்கும்.

“நான் பாத்துக்கிடுதேன். நீ போ தம்பி.”

“நேரம் இருக்கா மைனி?”

“போன்னா போ.”

போய்விட்டான். வெயில் படவில்லை என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அப்படியென்றால் பேர் அப்படியேதான் இருக்கிறது, மாறினது எல்லாம் மற்ற இடம். எழுத்தைத் தேய்த்து என்ன புண்ணியம். மற்ற இடத்தைத்தான் தேய்க்க வேண்டும். வெளுத்த தோல் முழுக்கப் போய், அடியில் இருக்கிற நீலம் வெளியே வந்து, பேர் இருக்கிற நீலமும் பேர் இல்லாத இடத்தின் நீலமும் ஒன்றானால் பேர் தன்னால் காணாமல் போகும். கண் முன்னாலேயே இருக்கும், ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதாவது இந்தப் பக்கம் முழுக்கத் தேய்க்க வேண்டும், அணியத்தில் இருந்து எஞ்சின் மாட்டுகிற இடம் வரைக்கும். என் பேரை அழிக்க வந்தவள் வள்ளத்தையே புதிசாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார், அஞ்சு வருஷமாக என்னைத் தேய் தேய் என்று நச்சரித்தாயே, இப்போது நீயே தேய் என்று. சரி. முரட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

இதில் ஒன்றும் சூட்சுமம் இல்லை. முரட்டுப் பேப்பர், பிறகு அதைவிட நைசு, பிறகு அதையும்விட நைசு. தண்ணீர் காயக் கூடாது. ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, நின்றால் பள்ளம் விழும், மேல்பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கிற நார் தெரிந்துவிடும். நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நகர்கிறேன். வெள்ளைப் பால் ஓடுகிறது, காலடி மணல் வெளுக்கிறது. தேய்ப்பது எனக்கு வரும். மறுநாள் வேறு ஊர்க்காரர்கள் வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோதும் நான் அதைத்தான் செய்தேன். உள்ளே தூண்டில் கயிறு இருந்தது, எஞ்சின் தூக்கி வைத்திருந்தது, அவர் செருப்பு இருந்தது. தூக்குச்சட்டி மூடினபடி இருந்தது. திறந்து பார்த்தேன், பாதி சாப்பிட்டிருந்தார், மீதியை மூடி வைத்திருந்தார், பிறகு சாப்பிடலாம் என்று. ஊரே வீட்டு வாசலில் கூடி நிற்கிறது, யார் யாரோ என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், நான் அவர்கள் கையை விலக்கிவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மிச்சச் சோற்றைக் கோழிக்குப் போட்டேன். சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துச் சட்டியைத் தேய்த்தேன், மூடியைத் தேய்த்தேன், கைப்பிடி பொருந்துகிற வளையத்தில் அழுக்கு இருந்தது, ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தேன். கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்தேன். அந்தச் சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்க வேண்டாம் என்று சில நாள் தோன்றும். வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஊசிப் போயிருந்தது. அழவில்லை என்று ஊரில் பேச்சு. அழுதால் விட்டுவிடும் மெட்டில்டா, அழு என்றார்கள், விக்கலுக்குத் தண்ணீர் குடி என்கிற மாதிரி. வரவில்லை. உடம்பில் எந்த இடத்தில் அழுகை இருக்கும் என்று தேடிப் பார்த்தேன், தூங்கி எழுந்து மரத்துப்போன கையைத் தேடுகிற மாதிரி. கை இருந்தது. அது என்னுடையது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பயம் மட்டும் ஒன்று இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள். அவர் எங்கேயோ கரை ஒதுங்கிக் கிடக்கிறார். பேச முடியாமல், ஊர் பேர் மறந்து. ஒருநாள் ஞாபகம் வந்து புறப்படுகிறார். கரையோரமாகவே நடந்து வருகிறார், வரிசையாக வள்ளங்களைப் பார்த்துக்கொண்டே. வீட்டு வழி மறந்திருக்கலாம், என் முகம் மறந்திருக்கலாம், வள்ளத்தை மறக்க மாட்டார், கொம்பு சரிந்த மெ-வை மறக்க மாட்டார். நாளைக்கு அது இருக்காது. பளபளவென்று ஒரு புது நீல வள்ளம் நிற்கும், வேறு ஏதோ பேரோடு. இது நம்முடையது இல்லை, நம்முடையது வெளுத்துப்போனதல்லவா என்று அவர் அடுத்த ஊருக்கு நடந்துவிடுவார். நடந்துகொண்டே இருப்பார். இது நடக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு வருஷம் வள்ளத்தை மணலில் போட்டு வைத்திருந்தேன், தெரிந்துகொண்டே வாசல் விளக்கைப் போட்டு வைத்திருந்தேன். இதோ என் கையாலேயே அவர் வழியை அழித்துக்கொண்டு வருகிறேன். நிறுத்திவிடலாம். போகவில்லை என்று சொல்லிவிடலாம், கிளமென்ட்டே பார்த்துவிட்டுப் போனான், நம்புவான். இன்னொரு கச்சான் வரைக்கும் தள்ளலாம். கை நிற்கவில்லை. நின்றால் பள்ளம் விழுந்துவிடும் என்று நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கருப்பட்டிக் காப்பி வாசம் வந்தது. கிளமென்ட் பெண்டாட்டி ஜெசிந்தா, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய வருகிறாள்.

“ஒன்ன யாரு இவ்வளவு தூரம் நடக்கச் சொன்னது?”

“வீட்டுக்குள்ள இருந்தா மூச்சு முட்டுதுக்கா.” தம்ளரை நீட்டினாள். “கையப் பாருங்க, எப்படி வெளுத்துக் கெடக்கு. வலிக்கலையா?”

“தெரியல.”

அவள் வள்ளத்தின் நிழலில் மெதுவாக உட்கார்ந்தாள். வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு என் பேரைப் பார்த்தாள். பாதிப் பேர் வரைக்கும்தான் தேய்த்திருந்ததால் மெ-வும் ட்-டும் மங்கலாகியிருந்தன, மீதி நன்றாகத் தெரிந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. அவிய நேத்து ராத்திரி சொன்னாவ, மைனிக்கு மனசில்லன்னா நான் கூலிக்கே போறேன், வள்ளம் கெடக்கட்டும்னு. ஒங்கட்ட சொல்லக் கூடாதுன்னாவ.”

“பெறவு ஏன் சொல்லுத?”

“நீங்க எங்களுக்காவத் தேய்க்கியளோன்னு இருக்கு.”

காப்பி சூடாக இருக்கிறதா ஆறிவிட்டதா என்று நாக்குக்குத் தெரியவில்லை. இனிப்பு தெரிந்தது. இவளைக் கல்யாணம் பேசிப் பார்க்கப் போனபோது சண்டைக்காரி போல இருக்கிறாள் என்று அவரிடம் சொன்னேன். நீயும் அப்படித்தான் இருந்தாய் என்றார். அவளுக்கு என்ன பதில் சொல்வது. உங்களுக்காக இல்லை என்றால் பொய், உங்களுக்காகத்தான் என்றாலும் பொய்.

“புள்ள ஒதைக்கா?” என்று கேட்டேன்.

“ஒதைக்கு.” என் கையை எடுத்து வயிற்றில் வைக்கப் போனாள். ஃபைபர் தூள் என்று இழுத்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு அடுத்த நைசுப் பேப்பர். வெயில் சாய்ந்துவிட்டது. பேப்பர் போடும்போது சத்தம் மாறும், முரட்டுப் பேப்பர் கர்கர் என்று கேட்கும், நைசாக ஆக ஆகச் சத்தம் குறைந்து கடைசியில் ஒன்றும் கேட்காது. அப்போது காம்பவுண்டு போடலாம். அவருக்குப் பேர் உண்டு. எல்லாரையும் போல அவருக்கும் உண்டு, நான் சொன்னதில்லை. பெண்டாட்டி சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். என் வயசுக்காரிகளில் சிலர் இப்போது சொல்கிறார்கள், ஜெசிந்தா வீட்டுக்குள் அவனை வாடா போடா என்கிறாள், கிளமென்ட் ஆயுசுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வாய் வரவில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையைக் காட்டுவேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். போலீஸ் ஸ்டேஷனில் காணவில்லை என்று எழுதிக்கொடுக்கப் போனபோது கிளமென்ட் சொன்னான், நான் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள்ளும் சொன்னதில்லை, மனசுக்குள்ளும் அவர் அவர்தான். ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் வார்த்தைப்பாடு கொடுக்கும்போது சொல்லித்தான் ஆக வேண்டும், மெட்டில்டா ஆகிய நான், இன்னார் ஆகிய உம்மை. அந்த இன்னார் வந்த இடத்தில் என் சத்தம் உள்ளே போய்விட்டது. சாமியார் குனிந்து, கேட்கும்படி சொல்லும்மா என்றார். கோயிலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, எனக்குச் சொல்ல வராதோ என்று பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவருக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் பேர் அவருக்கு என் வாயில் இருந்து கிடைக்கவில்லை. அவர் என் பேரை எழுதி ஊருக்கெல்லாம் காட்டினார், நான் அவர் பேரை ஒளித்து வைத்துக்கொண்டேன், ஆயுசு குறையாமல் இருக்கட்டும் என்று. அது எனக்கு இப்போது வலிக்கிறது. நிஜமாகவே வலிக்கிறது, விலாவில். தேய்த்ததனால் இருக்கும்.

காம்பவுண்டைத் துணியில் எடுத்துச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தேன். அழுக்குப் பசையாக எழும்பியது, துடைத்தால் அடியில் நீலம். அணியத்தில் இருந்து கடைசி வரைக்கும் நீலம். மெழுகு. மெழுகு மங்கலாகப் படிந்து காய்கிற நேரத்தில் கொஞ்சம் உட்கார்ந்தேன், பிறகு பழைய வேட்டித் துணியால், அவர் வேட்டிதான், வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். பேர் இருந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து நிமிர்ந்தேன். இல்லை. இங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால். அங்கேயும் இல்லை. பின்னால் போய் நின்று பார்த்தேன், பக்கவாட்டில் குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தேன். கொம்பு இல்லை, புள்ளி இல்லை, கால் இல்லை. நீலம் மட்டும். அதில் ஒரு பெண், தலை கலைந்து, முகம் நீண்டு, கையில் துணியோடு. நான் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். அந்தச் சீப்பு எங்கே போயிற்று என்று யோசனை வந்தது. சட்டைப்பையில்தான் இருந்திருக்கும். கை அரித்தது. முழங்கைக்கு மேலே, எண்ணெய் தடவாத இடத்தில், முதலில் ஊசி குத்தினது போல, பிறகு தோள் வரைக்கும். சொறிந்துகொண்டே நின்றேன்.

கிளமென்ட் பெயின்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெயின்டர் சின்ன வயசுக்காரன், வேற்றூர், வெள்ளை டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டே வள்ளத்தைப் பார்த்து, புதுசா வாங்கினதா அண்ணே என்றான். கிளமென்ட் பேர் இருந்த இடத்தைத் தேடினான், கண் அங்கும் இங்கும் போனது. பிறகு என்னைப் பார்த்தான். இந்த வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

“என்ன பேரு மைனி? ஆரோக்கியமாதான்னு வைக்கலாம்னு ஜெசிந்தா சொல்லுதா. ஒங்க இஷ்டம். நீங்கதான் சொல்லணும்.”

பெயின்டர் சாக்குக்கட்டியால் இரண்டு கோடு இழுத்துக்கொண்டு காத்திருந்தான். ஆரோக்கியமாதா நல்ல பேர்தான். புனிதர் பேர்களில் எதைச் சொன்னாலும் கிளமென்ட் தலையாட்டுவான், ஜெசிந்தா சந்தோஷப்படுவாள், வேலை முடிந்துவிடும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு. உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது, சத்தம் உள்ளே போய்விட்டது. கச்சான் காற்றின் இரைச்சல் வேறு.

“கேக்கல மைனி,” என்றான் கிளமென்ட்.

“கஸ்பார்,” என்றேன்.

பீடத்துக்கு முன்னால் சொன்னதற்குப் பிறகு இது இரண்டாம் தடவை, சத்தமாகத்தான் வந்தது. இவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. அந்தப் பக்கம் வலை கோத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பேர் சொன்னது போல இல்லை, யாரையோ கூப்பிட்டது போல இருந்தது. கிளமென்ட் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

பிறகு பெயின்டரிடம், எழுதுப்பா என்றேன்.